ஜீரோ நாலெட்ஜ் ரோல்அப்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் தம்பி, போன வாரம் பிரவுசரில் ஒரு கிரிப்டோ வாலட்டை இன்ஸ்டால் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, இந்த நெட்வொர்க்கில் ஜீரோ நாலெட்ஜ் என்று போட்டிருக்கிறது. நான் பணம் அனுப்புவது யாருக்கும் தெரியாது, இல்லையா?" என்றான்.

அவனுடைய வாலட் முகவரியைக் காப்பி செய்து, அந்த நெட்வொர்க்கின் எக்ஸ்புளோரர் தளத்தில் பேஸ்ட் செய்தேன். (பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அல்ல, இது வேறு!) காலையில் அவன் அனுப்பிய இரண்டு தொகைகளும் நேரத்தோடு திரையில் வந்து நின்றன. தம்பியின் முகம் வாடிவிட்டது.

அப்படியென்றால் இந்த ஜீரோ நாலெட்ஜ் என்னதான் செய்கிறது என்கிறீர்களா?

எதீரியம் என்ற பிளாக்செயின் 2015-ல் தொடங்கியது. இது ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு வரவு செலவையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கின்றன. அதனால் நம்பகம் அதிகம், வேகம் குறைவு. 2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை விளையாட்டு ஒன்றே இந்த நெட்வொர்க்கைத் திணற வைத்தது! இந்த நெரிசலுக்கு வந்த தீர்வுகளில் ஒன்றுதான் லேயர்-2.

இதில் உங்கள் பணம் எதீரியத்தில் உள்ள ஒரு ப்ரோகிராமில் பூட்டி வைக்கப்படும். வரவு செலவு மட்டும் வெளியே நடக்கும். சீக்வென்சர் என்ற கம்ப்யூட்டர் நூற்றுக்கணக்கான பரிமாற்றங்களைச் சேர்த்துக் கணக்குப் போடும். பிறகு மாறிய கணக்கு விவரங்களையும், சரியாகத்தான் போட்டோம் என்பதற்கான ஒரு சான்றையும் எதீரியத்துக்கு அனுப்புவார்கள். இப்படிச் சுருட்டி அனுப்புவதுதான் ரோல்அப்.

சான்றை எப்படி நம்புவது? பேப்பரில் வரும் சுடோகுவை நிரப்ப அரை மணி நேரம் ஆகும். நிரப்பியதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். இதுவும் அப்படித்தான். சான்றைத் தயாரிக்கச் சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்கள் வேண்டும். சரிபார்க்க எதீரியத்தில் ஒரு சிறிய ப்ரோகிராம் போதும். தவறான கணக்குக்குச் சரியான சான்று தயாரிக்க முடியாது என்பதால் திருட்டுக் கணக்கு அங்கேயே நிராகரிக்கப்படும். ஆப்டிமிஸ்டிக் ரோல்அப் என்ற வேறு வகையில், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க வழக்கமாக 7 நாள் காத்திருந்த பிறகே பணத்தை எதீரியத்துக்கு எடுக்கலாம். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை.

ரகசியத்தைச் சொல்லாமலேயே ஒன்றை உண்மை என்று நிரூபிக்கும் இந்த யோசனையை 1985-ல் கோல்ட்வாசர், மிகாலி, ராக்காஃப் என்ற மூவர் முன்வைத்தார்கள். ஆனால் பெரும்பாலான ரோல்அப்புகள் இதில் சுலபமாகச் சரிபார்க்கும் வசதியை மட்டுமே எடுத்துக்கொண்டன, மறைக்கும் வசதியை அல்ல. கணக்கு விவரங்களை வேண்டுமென்றேதான் பகிரங்கமாக வைக்கிறார்கள். நிறுவனம் நாளைக்கே கடையை மூடினாலும் யாருக்கு எவ்வளவு என்று திரும்பக் கணக்கிட வேண்டுமே!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். zk என்று பெயரிலேயே கொண்ட ஜிகேசிங்க் எரா நெட்வொர்க் 2023 மார்ச்சில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே ஒரு குழு அங்கே திரட்டிய 921 ஈதர், அன்றைய மதிப்பில் சுமார் 17 லட்சம் டாலர், ஒரு ப்ரோகிராமுக்குள் சிக்கிக்கொண்டது. எதீரியத்தில் ஒழுங்காக ஓடும் ஒரு கட்டளை இங்கே ஓடவில்லை. அந்தக் கட்டளை ஒதுக்கும் 'கேஸ்' என்ற எரிபொருள் இங்கே போதவில்லை. சான்றில் ஒரு குறையும் இல்லை. ப்ரோகிராம் எழுதியபடியேதான் நடந்தது, எழுதியதுதான் தவறு! பிறகு நெட்வொர்க்கை உருவாக்கியவர்களே ஒரு வழி கண்டுபிடித்துப் பணத்தை மீட்டார்கள். சாதாரண ஆளின் வாலட்டுக்காக அவ்வளவு மெனக்கெடுவார்களா என்பது என் சந்தேகம்.

எனவே அனுப்பும் முன், பெறுபவரும் அதே நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று பாருங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததை எக்ஸ்புளோரரில் பார்த்த பிறகே மீதியை அனுப்புங்கள்.

தம்பியின் டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் ஃபைல் இருந்தது. திறந்து பார்த்தால், வாலட்டின் 12 ரகசிய வார்த்தைகள்! உடனே அவற்றைக் காகிதத்தில் எழுத வைத்து, ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.