மலை வழிக்கு ஒரு மடக்குப்பை



டிசெம்பர் மாதப் பூரணையோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கி, மே மாத வெசாக் பூரணையோடு முடிவெய்துகின்றது. அந்த மாதங்களில் ஹட்டன் புகையிரத நிலையத்திலும் மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்திலும் சிறிது நேரம் நின்று பார்ப்பீராயின், மக்கள் தம் உடைமைகளைச் சுமக்கும் வகைகள் பலவற்றையும் காணலாம். முதியோர் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டித் தலையில் வைத்திருப்பர். தாய்மார் கைப்பையோடு குழந்தையையும் ஏந்தி நிற்பர். இளைஞர் பலருடைய முதுகில் மெல்லிய நைலோன் பையொன்று காணப்படும். வேண்டாதபோது தன் சொந்தப் பையறைக்குள்ளேயே மடிந்து, ஒரு மாதுளம்பழ அளவாகச் சுருங்கிவிடும் பை அது. நான் அதை மடக்குப்பை என்றே அழைக்கின்றேன். அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பையைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் சென்றேன். புறப்படுமுன் தலைகளை எண்ணினேன்; உணவுப் பொதிகளை எண்ணினேன்; மின்சூள்களைப் பரிசோதித்தேன். பைகளை மாத்திரம் பார்க்கவில்லை. சீதகங்கையைக் கடந்த சிறிது நேரத்தில், பருவம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் உச்சியை அடைந்தபோது, ஒரு மாணவன் நடுங்கிக்கொண்டிருந்தான். கம்பளிச் சட்டையைப் போடு என்றேன். அவன் பையைத் திறந்தான். சட்டையைப் பிழிந்தால் நீர் ஒழுகும் நிலையில் இருந்தது. நீர் புகாது என்று எழுதியிருந்த புதுப் பை அது. சிறிது நேரத்தில் அவன் பேச்சுக் குழறத் தொடங்கியது. பிறருடைய உலர்ந்த ஆடைகளை அவனுக்கு அணிவித்து, சூடான தேநீர் பருக்கி, இருவர் தாங்கிக் கீழே கொண்டுவந்து சேர்த்தோம். அவன் நலமடைந்தான். ஆயின் அன்றைய பிழை அவனுடையது அன்று. அழைத்துச் சென்ற என்னுடையது. அதன் பின்னரே பைகளைப் பற்றி ஆராயத் தலைப்பட்டேன்.

குளிர் பிரதேசங்களில் மட்டுமே உடல் வெப்பம் குன்றி உயிருக்கு ஆபத்து நேரும் என்று நினைப்பது தவறு. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்கு மேலே மதில் போல் நிற்கும் ஹோட்டன் சமவெளியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகையே. ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கு உறைபனியும் விழும். நனைந்த ஆடை, வீசும் காற்று, களைத்த உடல் என்னும் மூன்றும் ஒன்று சேர்ந்தால், உறைநிலைக்கு மேலான குளிரும் போதுமானது. ஆதலின் மலை வழியில் பையின் முதற் கடமை, ஓர் உலர்ந்த உடையை உலர்ந்தவாறே உச்சிக்குக் கொண்டு சேர்ப்பதாகும்.

இனி, பையின் கனத்தைப் பார்ப்போம். ஒருநாள் நடைக்கு 15 முதல் 20 லீற்றர் கொள்ளளவு போதும். அந்த அளவுடைய மடக்குப்பை சாதாரணமாக 100 முதல் 300 கிராம் வரை இருக்கும். முதுகுத் தாங்கியும் இடுப்பு வாரும் உள்ள கெட்டியான பையோ ஒரு கிலோகிராமை அணுகும். ஆக, நாம் மிச்சப்படுத்துவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

இந்த மிச்சத்தால் எவ்வளவு சக்தி மீதமாகின்றது? நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். ஒரு கிலோகிராமை 1,000 மீற்றர் உயர்த்துவதற்கான வேலை 10 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு. தசைகள் தாம் பெறும் சக்தியில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுகின்றன என்று கொண்டாலும், செலவாவது 10 அல்லது 12 கலோரியே. ஒரு மாரி பிஸ்கட்டின் பாதியில் அது அடங்கிவிடும். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இலேசான பை வாங்கினால் மலை தானாகவே தாழ்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

அங்ஙனமாயின் பாரம் நம்மை வருத்துவது எவ்வாறு? தோளில் வார் அழுத்தும் இடத்திலும், முதுகு முன்னோக்கி வளையும் இடத்திலும், இறங்கும்போது முழங்காலிலும் அது வருத்துகின்றது. இதனைத் தேயிலை மலையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலைச்சரிவில் ஏறி இறங்கிய நம் அன்னையருக்கு, முதுகோடு ஒட்டிய கூடை எளிது, முதுகை விட்டு விலகித் தொங்கும் கூடை கொடிது என்பது கைவந்த பாடம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிக் கெல்ட்டி என்பார் அலுமினியச் சட்டமும் இடுப்பு வாரும் கொண்ட முதுகுப்பையை விற்கத் தொடங்கியதும், பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பின் மேல் வைப்பதற்கே.

மடக்குப்பையில் சட்டமும் இல்லை. பெரும்பாலும் இடுப்பு வாரும் இல்லை. அதன் இலேசு, இவற்றை நீக்கியதால் வந்த இலேசு. ஆகவே அதற்கு ஓர் எல்லை உண்டு. நான்கு கிலோ வரை அது நல்ல துணை. ஐந்தைத் தாண்டினால் தோளை அறுக்கும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் வெளியான பள்ளிப்பை பற்றிய கொள்கை, மாணவர் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்கின்றது. மலை நடைக்கும் அதனையே கைக்கொள்ளலாம். 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு நாலரைக் கிலோ. ஒன்றரை லீற்றர் நீர் ஒன்றரைக் கிலோ. உணவு, மழையங்கி, கம்பளிச் சட்டை, மின்சூள், மருந்து, அட்டைக்கு உப்பு ஆகிய யாவும் சேர்ந்து இன்னும் இரண்டு கிலோ. கணக்கு எல்லைக்குள் நிற்கின்றது.

அடுத்தது துணி. நைலோன் இழையை 1935ஆம் ஆண்டில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் உருவாக்கினார். இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் குறிப்பர். 9,000 மீற்றர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிறுக்குமோ, அத்தனை டெனியர். மடக்குப்பைகள் 15 டெனியர் முதல் 70 டெனியர் வரை அமைவன. பள்ளிப்பைத் துணியோ பெரும்பாலும் 600 டெனியர். முள்ளும் பாறையும் உரசும் வழிக்கு 15 டெனியர் போதாது. 40 முதல் 70 வரை உள்ளதைக் கொள்க. துணியில் சிறு சிறு கட்டங்கள் தெரிந்தால், இடையிடையே தடித்த இழை ஓட்டி நெய்யப்பட்டிருக்கின்றது என்பது பொருள். கிழிசல் ஏற்பட்டாலும் அடுத்த தடித்த இழையில் நின்றுவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரசூட்டுகளுக்காக வளர்ந்த நெசவு அது.

நீர் புகாமை பற்றி நான் கற்றதைச் சொல்கின்றேன். துணி நீரைத் தடுக்கலாம், தையல் தடுப்பதில்லை. ஊசி நுழைந்த துளை ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாயில். ஜிப் மற்றொரு பெருவாயில். என் மாணவனின் பை துணி வழியே ஒழுகவில்லை. தையல் வழியேதான் ஒழுகியது. எனவே பையின் மீது எழுதியிருப்பதை நம்பாது, உள்ளே நீர் புகாத சிறு பையொன்றை வைத்து, மாற்றுடையை அதில் இட்டு, வாயை மூன்று முறை சுருட்டிக் கட்டுதல் வேண்டும். சாதாரணப் பொலித்தீன் உறையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளை அகற்றுவிப்பர். அந்தப் புல்வெளியில் மேயும் மரைகளின் வயிற்றுக்குள் அவை போய்ச் சேராதிருக்கவே இந்த ஏற்பாடு. நீர் புகாத பூச்சுள்ள துணியில் தைத்த உறை பல்லாண்டு உழைக்கும்.

துணியின் உட்புறப் பூச்சும் கவனிக்கத்தக்கது. மலிவான பைகளில் பொலியூரிதேன் பூச்சு இருக்கும். ஈரத்தோடு நெடுநாள் கிடந்தால் அது நீரோடு வினைபுரிந்து சிதைந்து, ஒட்டும் பசையாகிப் பின் உரிந்துபோகும்; கெட்ட நாற்றமும் எழும். மே மாதம் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொட்டும் எங்கள் பகுதியில், ஈரமாக மடித்துப் பெட்டியில் போட்ட மடக்குப்பை அடுத்த யாத்திரைக்கு உதவாது. சிலிக்கோன் பூச்சு இவ்வாறு சிதைவதில்லை. விலை சற்று அதிகம். எந்தப் பூச்சாயினும், வீடு திரும்பியதும் பையை விரித்து நிழலில் உலர்த்துக. உலர்ந்த பின்னும் இறுக மடித்து வைக்க வேண்டாம், தளர்வாகத் தொங்கவிடுக.

கடையில் பார்க்க வேண்டியவை சில. தோள்வார் நாலு விரல் அகலத்துக்குக் குறையாதிருத்தல் நன்று. கயிறு போன்ற வார்களை வாங்காதீர். வார் பையோடு சேரும் இடத்தில் தையல் பன்முறை நெருக்கமாக ஓடியிருக்கின்றதா என்று பாருங்கள். மெல்லிய பைகள் அறுவது அங்கேதான். மார்புக்குக் குறுக்கே பூட்டும் வார் இருந்தால், தோள்வார் நழுவாது. பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தையலை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். துளைகள் விரிந்து ஒளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நின்று பார்க்கக் கடைக்காரர் இடங்கொடுத்தால், அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

அடுக்கும் முறையும் உண்டு. மடித்த சட்டையை முதுகுப் பக்கம் வையுங்கள். அதுவே முதுகுத் தாங்கியாகும். நீர்ப் போத்தலை அதனை ஒட்டித் தோட்பட்டைகளுக்கு நடுவே வையுங்கள். மழையங்கி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். மின்சூளைத் தேடாமல் எடுக்கும் பக்கப் பையறையில் வையுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஓரிடம் வெறுமையாய் இருக்கட்டும்.

முடிவாக ஒரு கேள்வி எஞ்சுகின்றது. மடக்குப்பை எல்லார்க்கும் வேண்டியதா? கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பெரிய பெட்டியோடு புகையிரதத்தில் வந்து, அதனை மடத்தில் வைத்துவிட்டு ஓரிரவு மலையேறித் திரும்புவோருக்கு அது மிகவும் ஏற்றது. அடிவாரத்திலேயே வாழ்ந்து, நாள்தோறும் புத்தகம் சுமந்து மலைப்பாதையில் நடக்கும் பிள்ளைக்கு அது ஏற்றதன்று. அப்பிள்ளைக்கு மடங்காத, தடித்த துணியில் தைத்த பையே வேண்டும். பெற்றோர் நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் பை, ஒரு தவணைக்குள் கிழிந்துவிடக் கூடாது.

பையே வாங்க வசதி இல்லாதோரும் மனந்தளர வேண்டாம். 1955ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய், தமது 67ஆம் வயதில் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். அவர் சுமந்தது தம் கையாலேயே தைத்த ஒரு முரட்டுத் துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. அவர் பையின் விலையைப் பார்க்கவில்லை. அதனுள் வேண்டாதது எதுவும் புகாமற் பார்த்துக்கொண்டார்.

இப்போதும் ஆண்டுதோறும் மாணவரை அழைத்துச் செல்கின்றேன். புறப்படும் முன்னாள் மாலை, ஒவ்வொரு பையையும் பாடசாலைத் தண்ணீர்க் குழாயின் கீழ் இரண்டு நிமிடம் பிடித்த பின், திறந்து உள்ளே இருக்கும் சட்டையைத் தொட்டுப் பார்க்கின்றோம். உலர்ந்திருந்தால் மட்டுமே அந்தப் பை மலையேறும். யாத்திரைக்கு ஆயத்தமாகும் நேயர்களும் தங்கள் வீட்டுக் குழாயடியில் இதனைச் செய்து பார்க்குமாறு வேண்டுகின்றேன்.