நம் வாக்கு எங்கே போகிறது?

தேர்தல் நாளன்று நீண்ட வரிசையில் நின்று வாக்களித்து, விரலில் மையோடு வீடு திரும்புகிறோம். கடமை முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் அந்த வாக்கில் நாம் வைத்த எண்ணம், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எந்த அளவுக்கு ஒலிக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

முதலில், நமக்கு இருப்பது ஒரே வாக்கு. நம் எண்ணங்களோ பல. ஒரு கட்சியின் கல்வித் திட்டம் நமக்குப் பிடிக்கிறது. மதுக்கடைகளைப் பற்றி மற்றொரு கட்சி சொல்வது சரியெனப்படுகிறது. ஆனால் ஏதேனும் ஒரு கட்சியைத்தான் முழுமையாக ஏற்க வேண்டியுள்ளது. வென்ற கட்சியோ, தன் தேர்தல் அறிக்கை முழுவதற்கும் நாம் ஒப்புதல் தந்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, வாக்குகள் இடங்களாக மாறும் விதம். நம் நாட்டில் தொகுதியில் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வெற்றியாளர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி ஏறத்தாழ 31 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 282 இடங்களைப் பெற்றது. அதே தேர்தலில் தமிழகத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39 இடங்களில் 37 கிடைத்தன. ஏறத்தாழ 24 விழுக்காடு பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. 2024இல் நிலைமை தலைகீழானது. தி.மு.க. கூட்டணி, பாதிக்கும் குறைவான வாக்குகளுடன் 39 இடங்களையும் வென்றது. இருமுறையும் விதிமீறல் எதுவும் இல்லை; விதியே அப்படித்தான். ஆனாலும் பல இலட்சம் பேரின் எண்ணத்திற்கு மக்களவையில் தமிழகத்திலிருந்து குரல் இல்லாமற் போனது.

மூன்றாவது, நாம் அனுப்பிய உறுப்பினரின் நிலை. 1967இல் அரியானாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரங்களில் மூன்று முறை கட்சி மாறினார். இத்தகைய கட்சித் தாவலைத் தடுக்கவே 1985இல் 52வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும் என்பதும் அதில் அடங்கும். ஆகவே, ஒரு மசோதா தன் தொகுதி மக்களுக்குத் தீங்கானது என்று அவர் மனச்சான்று சொன்னாலும், கை உயர்வது கட்சி சொல்லும் பக்கமே.

அப்படியானால் கட்சிகளே வேண்டாமா? கட்சிகள் இல்லையேல் நிலையான ஆட்சி அமைவது கடினம்; யார் பொறுப்பு என்று கேட்கவும் இயலாது. கட்சிகள் தங்கள் நலனைப் பொதுநலனுக்கு மேலாக ஒருபோதும் வைக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நினைவூட்டியது. அதைக் கட்சிகள் மறக்கும்போது நினைவூட்ட வேண்டியவர்கள் நாமே அல்லவா?

இதற்கு அடுத்த தேர்தல்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழகத்தில் குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே நமக்காக வேறொருவர் பேச வேண்டியதில்லை. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடிநீர், சாலை, மதுக்கடை என எதைப் பற்றியும் நாமே எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். ஆனால் பல ஊர்களில் அன்று நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

கட்சிகள் நம் குரலைக் கேட்பதில்லை என்று குறைகூறும் நாம், நம் குரலை எங்கே, எத்தனை முறை எழுப்பினோம்? விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடும். அதோடு நம் பொறுப்பும் அழிந்துவிடலாகாது. அடுத்த கிராம சபையில் நம் குடும்பத்திலிருந்து ஒருவராவது அமர்ந்திருக்கட்டும்.