முன்பணம் தருமுன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். கல்யாணத்திற்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நான்கு இடத்தில் விசாரிக்கிறோம். ஆனால் 20 லட்சம் ரூபாய் வேலையை ஒப்படைக்கும் கான்ட்ராக்டரைப் பற்றிப் பலரும் ஒரு வார்த்தை கூட விசாரிப்பதில்லை. "சித்தப்பா வீட்டைக் கட்டியவர்" என்ற அறிமுகமே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

வானூர் பக்கம் வீடு கட்டுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வேலைக்கு வரும் கான்ட்ராக்டர்கள் திண்டிவனம், விழுப்புரத்திலிருந்து மட்டுமல்ல, புதுச்சேரியிலிருந்தும் வருகிறார்கள். மனை இருப்பது தமிழ்நாட்டில்; அவர் முகவரி வேறு நிர்வாகத்தில். பாதி வேலையில் அவர் காணாமல் போனால் எங்கே போய்த் தேடுவது? உங்கள் வீட்டிற்குப் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இதற்கு உதவும். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும்.

முதலில் கான்ட்ராக்டரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: பான் கார்டில் உள்ளபடி முழுப் பெயர், நிறுவனத்தின் பெயர், ஜி.எஸ்.டி. எண், கடைசியாகக் கட்டி முடித்த மூன்று வீடுகளின் இருப்பிடம். இவற்றைத் தரத் தயங்கினால், அதுவே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

ஜி.எஸ்.டி. எண் பேசும்

கூகுளில் ஜி.எஸ்.டி. போர்ட்டல் எனத் தேடி அந்தத் தளத்தைத் திறக்கவும். அட்ரஸ் பாரில் முகவரி "ஜிஓவி டாட் இன்" என முடிகிறதா என்று கவனிக்கவும். "சர்ச் டாக்ஸ்பேயர்" என்பதில் கிளிக் செய்து, 15 இலக்க எண்ணை டைப் செய்திடவும். பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. பதிவு செய்தவரின் பெயர், பதிவு செய்த தேதி, தொழில் நடக்கும் முகவரி, பதிவு நடப்பில் உள்ளதா அல்லது ரத்தானதா என்ற விவரங்கள் கிடைக்கும். "ஷோ ஃபைலிங் டேபிள்" பட்டனை அழுத்தினால், ஒழுங்காக ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா என்பதும் தெரியும். "20 வருட அனுபவம்" என்று கார்டில் போட்டிருப்பவரின் பதிவு ஆறு மாதத்திற்கு முந்தையது என்றால் காரணம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வந்ததே 2017 ஜூலையில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணைப் பார்த்தே சிலவற்றைச் சொல்லலாம். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு. 34 என்றால் புதுச்சேரி. மூன்றாவது இடத்திலிருந்து வரும் பத்தும் அவருடைய பான் எண். அதனால் ஆறாவது எழுத்து "பி" என்றால் தனிநபர், "எஃப்" என்றால் கூட்டு நிறுவனம், "சி" என்றால் கம்பெனி. "எங்கள் கம்பெனி" என்று பேசுபவரின் எண்ணில் "பி" இருந்தால், நீங்கள் ஒப்பந்தம் போடப் போவது ஒரு தனிமனிதரோடு என்று புரிந்துகொள்ளுங்கள். கம்பெனி என்றால், மத்திய கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் இயக்குநர்களின் பெயர்களையும் பார்க்கலாம்.

ஆண்டு டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய கான்ட்ராக்டருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. எண் இல்லை என்பதற்காகவே நல்ல மேஸ்திரியைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் எண் இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்து வசூலிக்க முடியாது.

வழக்கு உண்டா?

"இ-கோர்ட்ஸ்" தளத்தில் "கேஸ் ஸ்டேட்டஸ்" பகுதிக்குச் சென்று மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும். "பார்ட்டி நேம்" பிரிவில் பெயரையும் ஆண்டையும் தந்து தேடவும். விழுப்புரம் மாவட்டத்தோடு நிறுத்தாமல், அவர் புதுச்சேரிக்காரர் என்றால் அங்கும் தேடவும். ஆங்கிலத்தில் ஒரே பெயரைப் பல விதமாக எழுதுவார்கள். எல்லா விதத்திலும் முயற்சிக்கவும். முருகன் என்ற பெயரில் ஒரு வட்டத்திலேயே பல பேர் இருப்பார்கள் என்பதால் முகவரியைச் சரிபார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் வீட்டுக்காரர்கள் மூன்று, நான்கு பேர் பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தால் விலகிக்கொள்வது நல்லது.

ஆல்பத்தை நம்பலாமா?

அழகான வீடுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் ஏற்றித் தேடுங்கள். அதே வீடு கேரளாவிலோ வெளிநாட்டிலோ உள்ள தளத்தில் பல ஆண்டுகளாக இருந்தால் விஷயம் வெளுத்துவிடும்.

அடுத்து, கூகுள் எர்த் புரோ புரோகிராமை இலவசமாக இன்ஸ்டால் செய்திடவும். அவர் தந்த மூன்று இடங்களையும் தேடி, மேலே உள்ள கடிகார ஐகானில் கிளிக் செய்தால் பழைய ஆண்டுகளின் சாட்டிலைட் படங்கள் கிடைக்கும். மூன்று வருடத்திற்கு முன் தான் கட்டியதாகச் சொல்லும் வீடு, பத்து வருடத்திற்கு முந்தைய படத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கலாம்.

கூகுள் மேப்பில் உள்ள ஐந்து நட்சத்திரங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். கருத்து எழுதியவரின் பெயரில் கிளிக் செய்து, அவர் வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார் எனப் பாருங்கள். ஒரே வாரத்தில் வந்து குவிந்த பாராட்டுகள் சந்தேகத்திற்குரியவை.

எக்செல் காவல்காரன்

ஏமாற்றம் பெரும்பாலும் தொடங்குவது, முடிந்த வேலையைவிட அதிகப் பணத்தைக் கொடுத்துவிடுவதில்தான். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஐந்து பத்திகள் அமையுங்கள்: நிலை, சதவீதம், தொகை, கொடுத்த தேதி, கொடுத்தது. உதாரணமாக, 20 லட்ச ரூபாய் வேலைக்கு இப்படிப் பிரிக்கலாம்: முன்பணம் 5, பேஸ்மென்ட் முடிந்ததும் 20, லிண்டல் 15, தளம் கான்கிரீட் 25, பூச்சு 15, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் 10, பெயின்டிங் 5, சாவி வாங்கிய பின் 5 சதவீதம். தொகைப் பத்தியில் சதவீதத்தை மொத்தத் தொகையால் பெருக்கும் பார்முலா தந்துவிட்டால், முன்பணம் ஒரு லட்சம், தளத்திற்கு ஐந்து லட்சம் எனக் கணக்கு தானே வரும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இந்த அட்டவணையை பிரிண்ட் எடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். சதுர அடி விலையில் போர்டிகோ, மாடிப்படி, சம்ப், செப்டிக் டேங்க் சேருமா, சிமென்ட், கம்பி எந்த பிராண்ட் என்பதையும் ஒப்பந்தத்தில் டைப் செய்திடவும்.

தகராறு வந்தால்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான். கான்ட்ராக்டர் புதுச்சேரிக்காரர் என்றாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது விழுப்புரத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். "இ-ஜாக்ரிதி" தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். அப்போது எக்செல் பைலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

கம்ப்யூட்டர் சொல்லாதது

2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைப் பலி வாங்கிய 11 மாடிக் கட்டடமும் திட்ட அனுமதி பெற்றதுதான். ஆவணம் சரியாக இருந்தால் கட்டடமும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே அந்த மூன்று வீடுகளுக்கும் நேரில் சென்று வாருங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. அதற்கு முன் கட்டிய வீடு என்றால், வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த மழையில் தளம் ஒழுகியதா?"

அவர் சொல்லும் பதிலையும், கம்ப்யூட்டர் தந்த தகவல்களையும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.