செம்பின் கணக்கு, செவியின் கணக்கு

காரின் டிக்கியில் சப்வூஃபர் பெட்டிக்குப் பக்கத்திலோ பின்சீட்டின் முதுகிலோ ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தியிருப்பார்கள். அதன் ஓரத்தில் ஒரு சிறு துளை. துளைக்குள், சின்ன ஸ்க்ரூடிரைவர் நுழைகிற அளவில் ஒரு திருகு. மேலே ‘கெயின்’ அல்லது ‘லெவல்’ என்று அச்சிட்டிருக்கும். பல ஆம்ப்களில் திருகின் இடக்கோடியில் 6 வோல்ட் என்றும் வலக்கோடியில் 0.2 வோல்ட் என்றும் குறித்திருப்பார்கள். வலப்பக்கம் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும், எண்ணோ குறையும்.

சத்தத்தை அளக்கிற திருகு என்றால் 1, 2, 3 என்று எண் ஏறியிருக்க வேண்டாமா? அங்கே குறித்திருப்பது ஆம்புக்குள் வருகிற மின்னழுத்தத்தை. ‘எத்தனை வோல்ட் வந்தால் என் முழுபலத்தையும் காட்ட வேண்டும்?’ என்று ஆம்ப் கேட்கிறது. நாம் சொல்லும் பதில்தான் அந்தத் திருகின் நிலை. பதிலைத் தவறாகச் சொன்னால் நல்ல வூஃபரும் சில வாரங்களில் கருகிய வாசனை அடிக்கத் தொடங்கும். ஏன் என்று பார்த்தால், மின்சாரத்தின் கணக்கும் மனிதக் காதின் கணக்கும் எவ்வளவு வேறானவை என்று வியப்போடு புரிகிறது.

கூரை எங்கே இருக்கிறது?

டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவிலிருந்து ஆர்சிஏ வயர் வழியாக ஆம்புக்கு வருவது சிறிய மின்னழுத்தம். ஸ்டீரியோவைப் பொறுத்து அதன் உச்சம் 2 வோல்ட், 4 வோல்ட், சிலவற்றில் 5 வோல்ட். 4 ஓம் வூஃபருக்கு 500 வாட் கொடுக்க ஆம்ப் 44.7 வோல்ட் தர வேண்டும். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இந்த எண் கிடைக்கும். ஸ்டீரியோ 4 வோல்ட் தருகிற காரில் ஏறத்தாழ 11 மடங்கு பெருக்கினால் போதும். 2 வோல்ட் தருகிற காரில் 22 மடங்கு தேவை. திருகை வலக்கோடிக்குத் தள்ளினால் பெருக்கம் 220 மடங்கைத் தாண்டும். அந்த நிலையில் 4 வோல்ட் உள்ளே வந்தால், கணக்குப்படி ஆம்ப் கிட்டத்தட்ட 900 வோல்ட் வெளியே தள்ள வேண்டும்.

அவ்வளவு மின்னழுத்தம் அதனிடம் இல்லை. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. ஆம்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதைத் துண்டித்தும் இணைத்தும், வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் மூலம் உயர்த்துகின்றன. 44.7 வோல்ட் என்பது அலையின் ஆர்எம்எஸ் அளவு, அதாவது திறனைக் கணக்கிட எடுக்கும் ஒருவகைச் சராசரி. அதே அலையின் உச்சி 63 வோல்ட். 500 வாட் ஆம்ப் தன் உள்மின்னழுத்தத்தை இந்த உச்சிக்குச் சற்று மேலே வைத்திருக்கும். அதுவே அதன் கூரை. அதற்கு மேல் எழ முயலும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

வெட்டுப்பட்ட அலையின் வலிமை

தலை வெட்டுப்பட்ட அலை வலிமை குறைந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதன் வலிமை கூடியிருக்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வழுவழுப்பான சைன் அலை. இன்னொன்று முற்றிலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன அலை. சைன் அலை உச்சியைத் தொட்டவுடன் இறங்கிவிடுகிறது. சதுர அலை உச்சியிலேயே தங்கியிருக்கிறது. அதனால் சதுர அலை சுமக்கும் திறன் சரியாக இரண்டு மடங்கு.

கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். 14.4 வோல்ட்டுக்கு மேல் போக வழியில்லாத ஒரு பெட்டி 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான சைன் அலையாகத் தரக்கூடியது கணக்குப்படி 26 வாட்தான். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டி நிற்கும். அதே 14.4 வோல்ட்டை முழுச் சதுர அலையாக்கினால் 52 வாட் வருகிறது. அட்டையில் அச்சாவது அந்தச் சதுர அலையின் கணக்கு.

இந்த அலைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று காட்டிய கணிதத்தைத் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே. 1822இல் அவர் வெளியிட்ட புத்தகம் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியது. எந்த வடிவ அலையையும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற வழியை அவர் அதில் விளக்கினார். 50 ஹெர்ட்ஸ் சதுர அலையை அப்படிப் பிரித்தால் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் வரிசையாக வருகின்றன. இதைவிட ஆச்சரியம், அந்த 50 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தின் உயரம். அது சதுர அலையின் உயரத்தைவிட 27 சதவீதம் அதிகம். கூரை ஓர் அங்குலமும் உயராமலே அதற்குள் இருக்கும் பேஸ் உயர்ந்துவிட்டது! கெயினைக் கூட்டியவர் ‘இப்போது இன்னும் நன்றாக அடிக்கிறதே’ என்று மகிழ்வது பொய்யில்லை. பேஸ் கூடித்தான் இருக்கிறது. அதற்கு வூஃபர் கொடுக்கும் விலைதான் அவர் காதுக்கு எட்டுவதில்லை.

காயில் எதனால் எரிகிறது?

வூஃபரின் உள்ளே, காந்தத்தின் இடுக்கில், மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய வாய்ஸ் காயில் தொங்குகிறது. 1925இல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய அமைப்பிலிருந்து அடிப்படையில் இது அதிகம் மாறவில்லை. காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து கோனைத் தள்ளுகிறது, காற்று அதிர்கிறது. கார் சப்வூஃபர்கள் பலவற்றில், உள்ளே செல்லும் மின்திறனில் ஒலியாக மாறுவது ஒரு சதவீதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் அந்தச் சின்னக் காயிலில் வெப்பமாகிறது.

வெப்பத்தைத் தீர்மானிப்பது அலையின் உச்சி இல்லை, சராசரி. ஒரு வகுப்பில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் மூன்று மடங்காக்கி, யாருக்கும் 100க்கு மேல் கிடையாது என்று விதி வைத்தால் என்ன ஆகும்? 95 வாங்கிய மாணவிக்கு ஐந்து மதிப்பெண்தான் கூடும். 20 வாங்கியவர் 60க்குத் தாவிவிடுவார். முதலிடத்தின் மதிப்பெண் ஏறக்குறைய அங்கேயே நிற்க, வகுப்பின் சராசரி விறுவிறுவென ஏறிவிடும். கெயினை அளவுக்கு மீறித் திருப்பும்போது பாட்டுக்கு நடப்பதும் இதுதான். தாளத்தின் பெரிய அடிகள் ஏற்கெனவே கூரையைத் தொட்டுவிட்டன. அவற்றுக்கு நடுவே இருந்த மெல்லிய ஒலிகளெல்லாம் மேலேறுகின்றன. உச்சி வெட்டுப்படாமல் ஒலித்தபோது, பாட்டைப் பொறுத்து, சராசரியாக 50 வாட்டோ 100 வாட்டோ வாங்கிக்கொண்டிருந்த காயில் இப்போது 300, 400 வாட்டை இடைவெளியில்லாமல் வாங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் அதற்குக் கிடைத்துவந்த ஆறுகிற நேரம் போய்விட்டது.

கிளிப்பிங் ஆகும்போது கோன் உச்சியில் அப்படியே நின்றுவிடுகிறது, காற்று படாமல் காயில் எரிகிறது என்று ஒரு விளக்கம் பரவலாக உலவுகிறது. அது சரியில்லை. கோனுக்கு எடை உண்டு, அதைத் தாங்கும் தொங்கலுக்கு நெகிழ்ச்சி உண்டு. மின்னழுத்தத்தின் வடிவத்தைக் கோன் அப்படியே பின்பற்றி நடப்பதில்லை. அலை தட்டையான அந்த நேரத்திலும் அது நகர்ந்துகொண்டுதான் இருக்கும். 500 வாட் வெப்பத்தைத் தாங்கும் வூஃபரை 100 வாட் ஆம்ப் எவ்வளவு கிளிப் ஆனாலும் சுட்டெரிக்க முடியாது. முழுச் சதுர அலையிலும் அது தரக்கூடியது 200 வாட்டை ஒட்டித்தானே? எரிப்பது அளவுக்கு மீறிய சராசரித் திறன். அலையின் வடிவம் அதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

காயில் சூடாகும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் செம்பின் மின்தடை 0.39 சதவீதம் கூடுகிறது. 150 டிகிரி சூடேறினால் தடை ஒன்றரை மடங்கைத் தாண்டும். அதே மின்னழுத்தத்தில் காயில் இப்போது குறைந்த திறனையே வாங்கும், சத்தம் 2 டெசிபல் அளவுக்கு இறங்கும். பாதி வழியில் பேஸ் மந்தமாகிவிட்டதே என்று ஓட்டுகிறவர் வால்யூமைக் கூட்டுகிறார். அதனால் காயில் மேலும் சூடாகிறது.

காது ஏன் எச்சரிப்பதில்லை?

இவ்வளவு நடந்தும் காதுக்குத் தெரியவில்லையே என்றால், காதின் கணக்கு வேறு. திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று மட்டும் காது சொல்லும். நடுத்தர அலைவரிசைகளில், இரண்டு மடங்கு சத்தம் என்று நமக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். பேஸ் பகுதியில் இந்த ஏற்றத்தைக் காது இதைவிடச் சற்று விரைவாக உணரும். ஆனாலும் 250 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போகும்போது கிடைப்பது ஒரு சிறு ஏற்றம்தான். காயிலோ இரண்டு மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. காது மடக்கையில் கூட்டுகிறது, செம்பு ஒவ்வொரு வாட்டையும் எண்ணி வாங்குகிறது.

தாழ்ந்த சுரங்களில் நம் காது மந்தமானதும்கூட. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் இதை அளந்து வரைபடங்களாக்கினார்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்கு எட்டுவதற்கே சுமார் 50 டெசிபல் தேவை. அதே காது 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பல்லாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலிலேயே கேட்டுவிடும். சப்வூஃபருக்கு இத்தனை வாட் தேவைப்படுவது இதனால்தான். கிளிப்பிங்கால் பிறக்கும் மேற்சுரங்களோ டயர் இரைச்சலிலும் கதவு ஸ்பீக்கர்களின் பாட்டிலும் மறைந்துவிடுகின்றன. ஒலி கெட்டிருக்கிறது என்று காது கண்டுபிடிப்பதற்குள் ஆம்ப் கூரையை எப்போதோ தாண்டியிருக்கும்.

காதை நம்பாமல் அளப்பது

அதனால் கெயினை மீட்டர் வைத்து அளந்து நிறுத்துவதே சரி. சாதாரண மல்டிமீட்டர் போதும். அதில் ஏசி வோல்ட் பகுதி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளப்பதற்கென்றே அமைந்தது. எனவே 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றை, முழு அளவில், அதாவது 0 டெசிபலில் பதிவானதாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வூஃபரின் வயர்களை ஆம்பிலிருந்து கழற்ற வேண்டும். ஸ்டீரியோவில் ஈக்வலைசர், லவுட்னெஸ் எல்லாம் சுழியத்தில் இருக்கட்டும். ஆம்பில் பேஸ் பூஸ்ட் சுழியம், லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், கெயின் திருகு இடக்கோடியில். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து ஒலிக் கோப்பைப் போட வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும், ஒன்றையொன்று தொடாமல், ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைக்க வேண்டும். வூஃபர் தாங்கும் ஆர்எம்எஸ் வாட், ஆம்ப் தரும் ஆர்எம்எஸ் வாட் இரண்டில் எது குறைவோ அதை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய இடம் தெரியும். 4 ஓமில் 300 வாட் என்றால் 34.6 வோல்ட், 2 ஓமில் 500 வாட் என்றால் 31.6 வோல்ட். திருகை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, அந்த எண் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அணைத்துவிட்டு வூஃபரை மாட்டிக்கொள்ளலாம். இனி ஸ்டீரியோவின் அந்த முக்கால் அளவே எல்லை.

ஆசிலாஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. அலையின் தலை தட்டையாகும் நொடியை அது கண்ணுக்கே காட்டிவிடும். மீட்டரால் அது முடியாது. ஒலிக் கோப்பை −5 டெசிபலில் எடுத்து அளக்கிறவர்களும் உண்டு. பேஸ் குறைவாகப் பதிவான பாடல்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் முழு அளவில் பேஸ் பதிவான பாடல் ஒன்று வந்தால் அந்த 5 டெசிபலும் வெட்டுப்படும். வூஃபரின் ஆயுள் முக்கியம் என்று நினைக்கிறவர் 0 டெசிபலிலேயே நிறுத்துவதுதான் நல்லது என்பேன்.

அளந்து முடித்தபின் பேஸ் பூஸ்ட்டைத் தொடக் கூடாது. பல ஆம்ப்களில் அது 45 ஹெர்ட்ஸை ஒட்டி 12 டெசிபல் வரை கூட்டும். 12 டெசிபல் என்றால் 16 மடங்கு திறன். பவர் வயரின் பருமனும் முக்கியம். 80 சதவீதச் செயல்திறனோடு இயங்கும் 500 வாட் ஆம்ப் முழுவீச்சில் 45 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்தால் பல ஆம்ப்களின் கூரையும் தாழ்ந்துவிடும், நாம் அளந்த எண்ணுக்கு முன்பே அலை வெட்டுப்படும்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் போதவில்லை என்றால் திருகிடம் போக வேண்டாம். அதே போன்ற இன்னொரு வூஃபரைப் பக்கத்தில் வைத்து அதற்கும் அதே அளவு திறன் கொடுக்கலாம், ஆம்ப் அந்தச் சுமையைத் தாங்கும் என்றால். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர், காரைவிட நீளம். அந்த அலைக்கு இரண்டு வூஃபர்களும் ஒரே இடத்தில் இருப்பவைபோல. இரண்டின் அழுத்தமும் ஒன்றாகச் சேர்ந்து 6 டெசிபல் கூடும். காது கேட்ட சத்தம் கிடைத்துவிடும், ஒவ்வொரு காயிலும் முன்பு தாங்கிய வெப்பத்தை மட்டுமே தாங்கும்.