பாட்டுப்பெட்டியாகப் பழைய திறன்பேசி

புதிய திறன்பேசி வாங்கியதும் மேசை அறைக்குள் போய்விடும் பழைய கருவியையோ, குறைந்த விலையில் வாங்கிய ஒன்றையோ, சிம் அட்டையும் இணையமும் இல்லாமல் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். இவ்வாறு மாற்றிய கருவி விளம்பரம், அழைப்பு, மாதக் கட்டணம் எதுவுமின்றிப் பல ஆண்டுகள் பாடும். கைவேலை செய்வோருக்கும் முதியோருக்கும் இது மிகவும் ஏற்றது. வீட்டிலுள்ள பழைய ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றவும் இது உதவுகிறது.

பின்னணி

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட் எனப்படும் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. சோனியின் வாக்மேன் 1979-இலும், ஆப்பிளின் ஐபாட் 2001-இலும் வெளிவந்தன. பாட்டு, படம், பேச்சு ஆகிய எல்லாம் திறன்பேசிக்குள் அடங்கிவிட்டதால் தனி இசைக்கருவிகளின் விற்பனை குறைந்தது. 2022-இல் ஐபாட் உற்பத்தியும் நின்றது.

ஆனால் பாட்டுக்கென்று ஒரு தனிப் பெட்டி வேண்டும் என்ற விருப்பம் மறையவில்லை. சரிகம நிறுவனம் 2017-இல் கார்வான் என்ற கருவியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றமுடைய அதில் 5,000 பாடல்கள் முன்பே பதிந்திருந்தன. தமிழ்ப் பாடல்களைக் கொண்ட பதிப்பும் பின்னர் வந்தது. பொத்தானைத் திருகினால் பாட்டு என்ற எளிமையே முதியோரை அதன் பக்கம் ஈர்த்தது. அதே எளிமையைப் பழைய திறன்பேசியிலும் ஓரளவு கொண்டுவர முடியும்.

தறிக்கூடத்தில் பாட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்திற்கு அருகே, பெரிய ஏரியை ஒட்டியுள்ள தென்னேரி, காஞ்சிபுரம் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். பாட்டுக்கெனத் தனிக் கருவி ஏன் தேவை என்பதை இத்தகைய ஊரின் தறிக்கூடத்தில் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

கைத்தறியில் அமர்ந்தவரின் கால்கள் மிதியை அழுத்துகின்றன. கைகள் நாடாவை ஓட்டிப் பலகையை இழுத்து அடிக்கின்றன. கண்கள் பாவின் மேல் இருக்கின்றன. காது மட்டுமே வேறொன்றுக்கு இடம் தருகிறது. முன்பு அந்த இடத்தை வானொலி நிரப்பியது. இன்று அன்றாடத் திறன்பேசியே பாடினால், அழைப்பு வரும்போது பாட்டு நிற்கிறது. பாட்டுக்கு நடுவே விளம்பரம் குறுக்கிடுகிறது. செய்தி வந்த ஒலி கேட்டால் கை தறியை விட்டு எழுகிறது. நெசவுக் கூலி பெரும்பாலும் நெய்து முடித்த சேலைக் கணக்கில் கிடைப்பதால், இப்படிப் போகும் நேரம் கூலியையும் குறைக்கிறது.

காஞ்சிபுரத்தின் தனி அடையாளமான கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கப்படுகின்றன. மரபுப்படி இதற்கு மூன்று நாடாக்களும் தறியில் இரண்டு பேரும் தேவை. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டும் என்பதால், காதை அடைக்கும் இயர்போனைவிட, அளவான ஒலியில் பாடும் ஒலிபெருக்கியே இங்கு பொருத்தமானது.

கருவியை ஆயத்தம் செய்தல்

1. பழைய கருவியில் உள்ள படங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

2. கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகே கருவியை முழுமையாக அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்தால், பழைய கடவுச்சொல்லை அது மீண்டும் கேட்கக்கூடும்.

3. பாட்டுச் செயலி ஒன்றை மட்டும் நிறுவலாம். வி.எல்.சி. செயலி இலவசமானது, விளம்பரம் இல்லாதது. பிரான்சு நாட்டு மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது.

4. சிம் அட்டையை எடுத்துவிட்டு, விமானப் பயன்முறையை இயக்க வேண்டும். அதன் பின்னும் ப்ளூடூத்தை மட்டும் தனியே இயக்கி ஒலிபெருக்கியை இணைக்கலாம்.

5. முகப்புத் திரையில் பாட்டுச் செயலியைத் தவிர மற்றவற்றை அகற்றிவிட்டால், முதியவர்களும் தடுமாறாமல் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோன பழைய கருவி, வங்கிப் பணிக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் ஏற்றதன்று. இணையத்தோடு தொடர்பில்லாத பாட்டுப் பெட்டிக்கு அந்தக் குறை பெரிதாகத் தடையாவதில்லை.

கோப்பும் இடமும்

எம்.பி.3 கோப்பு நொடிக்கு 128 கிலோபிட் அளவில் பதியப்பட்டிருந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி. என்று கணக்கிட்டால், 32 ஜி.பி. மெமரி கார்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கும். அதாவது 500 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாம். குறுந்தகட்டின் தரத்தில் சுருக்காமல் வைத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஆகும். சிறிய ஒலிபெருக்கியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரால் உணர இயலாது.

மெமரி கார்டைப் புதிதாகப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பல கருவிகள் கார்டை உள் சேமிப்பகமாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கின்றன. சம்மதித்தால் கார்டு அந்தக் கருவிக்கே உரியதாகப் பூட்டப்படும். கருவி பழுதானால், கார்டிலுள்ள பாடல்களை வேறொன்றில் படிக்க முடியாது. எனவே கழற்றி மாற்றக்கூடிய சேமிப்பகம் என்ற தெரிவையே எடுக்க வேண்டும்.

கோப்புகளைக் கோப்புறைகளாகப் பிரித்து வைப்பது நல்லது: பக்திப் பாடல், திரைப்பாடல், நாகசுரம், வீட்டுப் பதிவு என்பன போல. வரிசை முக்கியமென்றால் பெயரின் தொடக்கத்தில் 01, 02 என எண்ணிடலாம். வெறும் 1, 2 என்று எழுதினால், சில செயலிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பழைய தமிழ்க் கோப்புகளின் பெயர்கள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை ஒருமுறை ஒருங்குறியில் மாற்றி எழுதிவிட வேண்டும்.

சொந்தக் கோப்பும் வாடகைப் பாட்டும்

இணையப் பாட்டுச் சேவைகளிலும் பதிவிறக்கம் உண்டு. ஆனால் அங்கு கிடைப்பது கேட்கும் அனுமதி மட்டுமே. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாடல்கள் தொடர்ந்து இயங்க, 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். சந்தா முடிந்தால் அவை ஒலிக்கா. நிரந்தரமாக இணையமின்றி இயங்கும் கருவிக்கு, விலைக்கு வாங்கிய கோப்புகள், சொந்தக் குறுந்தகட்டிலிருந்து எடுத்தவை, வீட்டுப் பதிவுகள் ஆகியனவே ஏற்றவை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை தனியே கணக்கிடப்படும். ஆகவே பழைய பாட்டு என்பதாலேயே அதைப் படியெடுத்துப் பிறருக்குப் பரப்பலாம் என்று கொள்ளக்கூடாது.

மின்கலமும் செவியும்

திரை அணைந்திருக்கும்போது பாட்டுக்குச் செலவாகும் மின்சாரம் குறைவு. இருந்தாலும் நாள் முழுதும் மின்னேற்றியிலேயே மாட்டி வைப்பது லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. பின்மூடி உப்பியிருந்தால் மின்கலம் வீங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கருவியை உடனே நிறுத்தி, மின்னணுக் கழிவாக முறைப்படி ஒப்படைக்க வேண்டும். அடுப்பு, வெயில் அருகே வைக்கக்கூடாது. தறிக்கூடத்தில் பறக்கும் நூல் பிசிறும் சரிகைத் துணுக்கும் மின்னேற்றத் துளைக்குள் சேராமல் துணிப்பை ஒன்றில் வைக்கலாம்.

இயர்போனில் கேட்போருக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியில் வாரத்திற்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபெல். ஒலி கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும்.

வீட்டுக் குரல்களைக் காத்தல்

திரைப்பாட்டு தொலைந்தால் மீண்டும் வாங்கலாம். பாட்டியின் தாலாட்டு, திருமண வீட்டு நலங்குப் பாட்டு, ஊர்க் கோயில் விழாவில் பதிந்த நாகசுரம் ஆகியவை பதிந்திருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும். ஒலிநாடா ஆண்டுகள் செல்லச் செல்லப் பூஞ்சை பிடித்தும் காந்தப் பூச்சு உதிர்ந்தும் கெடுகிறது.

கேசட் இயக்கியின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டிற்கு ஒரு கம்பி இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இதனைப் பதியலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். விரைவு வழி இல்லை. பதிந்ததும் கோப்பின் பெயரில் பாடியவர், இடம், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். யாருடைய குரல் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது அவசியம்.

மெமரி கார்டும் ஒருநாள் பழுதாகும். எனவே ஒரு படியைத் திறன்பேசியிலும், மற்றொன்றைக் கணினியிலோ வேறு கார்டிலோ, முடிந்தால் வேறொரு வீட்டிலோ வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் இயக்கிப் பார்த்து, ஒலிக்காத கோப்பை மற்ற படியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.