ஆலன் சாட்விக் விட்டுச்சென்ற பாத்திகள்

ஆலன் சாட்விக் தோட்டக்கலை பற்றி ஒரு புத்தகம்கூட எழுதவில்லை. ஆனாலும் அமெரிக்க இயற்கை வேளாண்மையில் அவர் வழி வந்தவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் பிறந்து, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்த இவர், 1967-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில், புதர் மண்டிய ஒரு சரிவில் மாணவர் தோட்டத்தைத் தொடங்கினார். டிராக்டரும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் அங்கே நுழையவில்லை. கைக்கருவிகளும் மட்கிய எருவும் கொண்டே அந்தச் சரிவு பூவும் காயும் குலுங்கும் தோட்டமானது.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரை எருவை ஏராளமாக இட்டு, நெருக்கி நட்டு விளைவித்தார்கள். அந்த முறையோடு சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரின் உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மையையும் சேர்த்தார் சாட்விக். இதன் உயிர்நாடி இரட்டைக் கொத்து. முதலில் ஓரடி ஆழப் பள்ளமாக மேல்மண்ணை எடுக்க வேண்டும். அதற்கும் கீழே இன்னோர் அடி மண்ணைப் புரட்டாமல், இருந்த இடத்திலேயே நெகிழ்த்திவிட வேண்டும். அடுத்த பள்ளத்தின் மேல்மண் முந்தைய பள்ளத்தை நிரப்பும். பாத்தி தயாரானபின் யாரும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

காரணம் எளிது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் தங்கும் நுண்துளைகள் குறைவு. நெகிழ்ந்த மண்ணில் வேர் பக்கவாட்டில் அலையாமல் கீழே இறங்கும். அதனால் செடிகளை நெருக்கி நடலாம். இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் விரிக்கும்போது ஈரம் ஆவியாவது குறையும், களையும் அடங்கும்.

சாட்விக் 1980-இல் மறைந்தார். அவருடைய வித்தை மூன்று வழிகளில் பிழைத்தது. முதலாவது, பயிற்சி. சாண்டா குரூஸ் தோட்டத்திலும் 1971-இல் தொடங்கிய பண்ணையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் தங்கி, மண்ணில் கை வைத்துக் கற்றார்கள். இரண்டாவது, குரல். ஒலிநாடாவில் பதிவான அவருடைய உரைகள் பின்னாளில் எழுத்தாக்கப்பட்டு நூல்களாயின. மூன்றாவது, அளவீடு. அவரைப் பின்பற்றிய ஜான் ஜெவன்ஸ் இந்த முறையைத் தராசுக்குக் கொண்டுவந்தார். பாலோ ஆல்டோவில் 1972 முதல் விளைச்சலையும் நீரையும் அளந்து குறித்தார். 1974-இல் அதை நூலாக வெளியிட்டார்.

மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இழப்புதான். பதிவு மட்டும் இருந்தால் கைப்பக்குவம் போய்விடும். பயிற்சி மட்டும் இருந்தால் ஆசான் செய்ததை அப்படியே திருப்பிச் செய்வதோடு நின்றுவிடும். அளவீடுதான் கேள்வி கேட்கிறது. எடுத்துக்காட்டாக, அடிக்கடி ஆழமாகக் கொத்தினால் மண்ணிலுள்ள பூஞ்சை இழைகள் அறுபடும். கரிமப்பொருள் காற்றுப்பட்டு வேகமாகச் சிதையும். இதை உணர்ந்ததால், மண் நன்கு பொலபொலப்பானபின் மேலாக நெகிழ்த்தினாலே போதும் என்று ஜெவன்ஸின் வழிமுறை சொல்கிறது. ஆசானின் சடங்கைத் தளர்த்தி, அவருடைய நோக்கமான மண்ணின் உயிரைக் காக்கும் மாற்றம் இது.

சாட்விக் போன்ற முன்னோடி உழவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. படத்துக்கு மாலை போடுவது அவர்களுக்குப் போதுமான மரியாதை ஆகாது. அவர்கள் பேசும்போதே பதிவு செய்ய வேண்டும்; பக்கத்தில் நின்று இளைஞர்கள் செய்து பழக வேண்டும்; விளைந்ததை ஆண்டுதோறும் எடை போட்டு எழுதிவைக்க வேண்டும். இவற்றை அவர்கள் வாழும் காலத்திலேயே தொடங்குவது நம் கடமை.