கைத்தடிப்பு சொல்வதும் சொல்லாததும்

மேருவிலிருந்து நீடித்த இருமலோடு கிள்ளான் பொது மருத்துவமனைக்குப் போகிற ஒருவருக்கு, எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நெறிகள் வீங்கித் தெரிந்தால் காசநோய் என்ற சந்தேகமே முதலில் எழும். அது நியாயமானதுதான். ஆனால் அதே படத்தைக் காட்டும் இன்னொரு நோயும் உண்டு: சார்காய்டோசிஸ். தொற்றாத அழற்சி நோய். எதிர்ப்பு அணுக்கள் நுரையீரல், கண், தோல் என்று பல இடங்களில் திரண்டு சிறு முடிச்சுகளாகக் கட்டிக்கொள்ளும். சிங்கப்பூரில் பதிவான நோயாளிகளிடையே இந்தியர்களின் விகிதம் அவர்களது மக்கள்தொகைக்கு மிஞ்சி இருக்கிறது. நம்மவர்கள் இந்தப் பெயரை அறிந்திருப்பது அவசியம்.

இந்நோய்க்கென்றே ஒரு தோல் பரிசோதனை இருந்தது. நார்வே மருத்துவர் குவைம் 1941இல் அதை விவரித்தார். நோயாளி ஒருவரின் மண்ணீரல் அல்லது நெறித் திசுவை அரைத்து, சூடாக்கி, வேறொருவரின் தோலுக்குள் செலுத்துவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அந்த இடத்திலிருந்து ஒரு துளி வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பலருக்கு விடை சரியாகவே வந்தது. ஆனாலும் உள்ளே போவது இன்னொரு மனிதரின் திசு. நோயைக் கடத்தக்கூடிய, சூட்டுக்கு எளிதில் அழியாத பிரியான் புரதங்களைப் பற்றிய அச்சம் 1990களில் வலுத்தபோது, அந்தப் பரிசோதனை வழக்கொழிந்தது. பயனுள்ள கருவிதான், கைவிட்டதே சரி.

காசநோய்த் தொற்றைச் சோதிக்க இப்போது கையில் போடும் மாண்டூ ஊசி அத்தகையதல்ல. அதில் இருப்பது 0.1 மில்லிலிட்டர் புரதக் கரைசல்; உயிருள்ள கிருமி இல்லை, அதனால் காசநோய் வராது. கர்ப்பிணிகளுக்கும் போடலாம். அரிப்பு வரலாம், அரிதாகக் கொப்புளமோ புண்ணோ ஏற்படலாம். முன்பு அப்படிப் புண்ணானவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் கையைக் காட்ட வேண்டும். அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் தடிப்பு வரலாம். சார்காய்டோசிஸ் உள்ளவருக்கோ பெரும்பாலும் தடிப்பே எழாது. எச்ஐவி தொற்று உள்ளவருக்கும் முற்றிய காசநோயாளிக்கும்கூட அப்படி ஆகலாம். ஆகவே கையை மட்டும் பார்த்து எந்த நோயையும் முடிவு செய்ய முடியாது. சளிப் பரிசோதனையும், தேவைப்பட்டால் நெறியிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பதும் வேண்டும். சார்காய்டோசிஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, காசநோயை மூர்க்கமாக்கிவிடும். அதனால் ஸ்டீராய்டு தொடங்கும்முன், காசநோய் இல்லை என்பது எப்படி உறுதியானது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.